தொடங்க மறுக்கும் கணினி



கணினி ஒன்றில் புதிய இயங்குதளத்தை நிறுவி முடித்து, அதனை நிறுத்தி மறுபடியும் இயக்கும்பொழுது, திரை கருமையாகவே நின்றுவிடுவது உண்டு. அல்லது அக்கருந்திரையில் ஆங்கில வரி ஒன்று வெண்ணிற எழுத்தில் தோன்றி, அதற்குமேல் ஒன்றும் நிகழாது போவதும் உண்டு. காலையில் நன்றாக இயங்கிய பொறி மாலையில் இவ்வாறு மௌனம் சாதித்தால் வீட்டிலுள்ளோர் மனம் கலங்குவது இயல்பே. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், திருமணப் புகைப்படங்கள், நிலவரி ரசீதின் நகல்கள் யாவும் அதனுள்ளே அல்லவா இருக்கின்றன? அந்நேரத்தில் ஒருவர் வந்து, “வன்தட்டு போய்விட்டது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடவேண்டும்” என்று சொன்னால், அதற்கு உடனே இசைந்துவிடவே தோன்றும். அவ்வாறு இசைவதற்கு முன்பு அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் சில உள. அவற்றைக் கூறுவதே இப்பேச்சின் நோக்கம்.

இத்தொல்லை அண்மைக் காலத்தில் பெருகியதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், குறைந்தது 4 கிகாபைட் நினைவகத்தையும் 64 கிகாபைட் சேமிப்பிடத்தையும் வேண்டுகிறது. பழைய செயலிகள் பலவற்றை அது ஏற்பதும் இல்லை. ஆதலின், நல்ல நிலையில் உள்ள பழைய மடிக்கணினியை எறிய மனமில்லாதோர், லினக்ஸ் வகைத் தளம் ஒன்றை நிறுவிப் பார்க்கின்றனர். விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே பொறியில் அடுத்தடுத்து வைத்துக்கொள்வோரும் பலர்.

காரக்கோணம் போன்ற எல்லையூரில் இவ்விருவகைப் பொறிகளும் ஒரே குடும்பத்தில் சந்திக்கக் கூடும். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபொழுது, விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததே அன்றி உறவைப் பிரிக்கவில்லை. அண்ணன் வீடு இப்புறமும் தங்கை வீடு அப்புறமும் இருப்பது இங்கே புதுமை அன்று. அப்புறத்தில், தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்பொறிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. இப்புறத்தில், கேரளப் பள்ளிகள் 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியே படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அத்திட்டமே 2017இல் கைட் என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. அது பள்ளிகளுக்கெனத் தானே ஒரு லினக்ஸ் தளத்தைத் தொகுத்து வழங்கி வருகிறது. அப்புறத்து மாமன் மகனின் மடிக்கணினிக்கு நேர்ந்த கோளாற்றை இப்புறத்து மாணவி தீர்த்துவைப்பது இவ்வூர்ப் பகுதியில் எளிதில் நடக்கக் கூடியதே. அவ்வாறு தீர்ப்பதற்கு வேண்டியது ஒரு முறை, அவ்வளவுதான்.

அம்முறையை மருத்துவத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம். காரக்கோணத்தின் பெயரை வெளியூரார் அறிவது பெரும்பாலும் இங்குள்ள மருத்துவக் கல்லூரியால். அக்கல்லூரி தாங்கி நிற்பது டாக்டர் சாமர்வெல் அவர்களின் பெயர். 1922இலும் 1924இலும் எவரெஸ்டுச் சிகரம் ஏறச் சென்ற குழுக்களில் இடம்பெற்ற அவர், பின்னர் நெய்யூரில் நெடுங்காலம் அறுவை மருத்துவராகத் தொண்டு செய்தார். நல்ல அறுவை மருத்துவர் எவரும் நோயாளியைக் கண்டவுடன் கத்தியை எடுப்பதில்லை. வலி எங்கே, எப்பொழுது தொடங்கியது, எதை உண்டபின் தொடங்கியது என்று கேட்டு, நோயின் முதற்காரணத்தைத் தேடுகிறார். கணினியை முழுதும் அழித்துப் புதிதாக நிறுவுவது அறுவைச் சிகிச்சையைப் போன்றது. அது தேவைப்படும் வேளை உண்டு; ஆனால் முதலில் செய்யத்தக்கது அன்று.

கணினி தொடங்குவது ஒரே நொடியில் நிகழும் செயல் போலத் தோன்றினும், அது பல படிகளைக் கொண்டது. பொத்தானை அழுத்தியவுடன் மின்சாரம் பாய்கிறது. பின்னர், தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் பதிந்திருக்கும் சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. இதனை முன்பு பயாஸ் என்றனர். இன்றைய பொறிகளில் இருப்பது யு.இ.எஃப்.ஐ. அந்நிரல் நினைவகத்தையும் விசைப்பலகையையும் தட்டையும் சோதித்துவிட்டு, “இயங்குதளம் எங்கே இருக்கிறது?” என்று தன் பட்டியலைப் பார்க்கிறது. பட்டியல் காட்டும் இடத்தில் ஏற்றி என்னும் மற்றொரு சிறு நிரல் காத்திருக்கும். விண்டோஸுக்கு அதற்குரிய ஏற்றி உண்டு. லினக்ஸில் பெரும்பாலும் கிரப் என்பது ஏற்றி. அந்த ஏற்றி, இயங்குதளத்தின் கருவாகிய கர்னலை நினைவகத்தில் ஏற்றுகிறது. கர்னல் தட்டின் கோப்பமைப்பைத் திறக்கிறது. அதன்பின்னரே நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை வருகிறது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் இரயில் பாதை 1979இல் திறக்கப்பட்டது. இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என நிலையங்கள் வரிசையாக வரும். வண்டி உரிய நேரத்தில் திருவனந்தபுரம் வந்து சேரவில்லை எனில், அங்குள்ளோர் முதலில் கேட்பது, “எந்த நிலையத்தைக் கடந்தது?” என்பதே. குழித்துறையைக் கடந்த வண்டி பாறசாலைக்கு வரவில்லை என்றால், இடையூறு அவ்விரண்டிற்கும் இடையில்தான் இருக்கவேண்டும். தொடங்காத கணினியையும் இவ்வாறே விசாரிக்கவேண்டும். கடைசியாக எந்தப் படியைக் கடந்தது என்பதைத் திரையே சொல்லிவிடும். ஆகையால், தோன்றும் வரியைக் கைபேசியில் அப்படியே படம் எடுத்து வைத்துக்கொள்வது முதல் வேலை. “ஓடவில்லை” என்று மட்டும் சொன்னால் எந்த வல்லுநராலும் உதவ முடியாது; அவ்வரி ஒன்றே வழியைக் காட்டிவிடும்.

இனி, படிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, அல்லது விளக்கு எரிந்தும் தயாரிப்பாளரின் முத்திரை கூடத் திரையில் வரவில்லை என்றால், பெரும்பாலும் அது இயங்குதளத்தின் குற்றம் அன்று. மின்னேற்றியையும், நினைவகப் பட்டை தன் இடத்தில் பொருந்தியுள்ளதா என்பதையும் பார்க்கவேண்டும். இப்படியில் நின்ற பொறியில் புதிய தளத்தைத் திரும்பத் திரும்ப நிறுவ முயல்வது வீண்.

முத்திரை வந்து, அதன்பின் “தொடங்கத்தக்க சாதனம் இல்லை” என்னும் பொருள்பட ஆங்கில வரி ஒன்று வருமாயின், முதலில் பென் டிரைவைக் கழற்றவேண்டும். நிறுவப் பயன்பட்ட பென் டிரைவ் செருகியபடியே இருந்து, கணினி அதிலேயே தேடிக்கொண்டிருப்பது மிகவும் சாதாரணம். அதனாலும் தீரவில்லை எனில், எஃப் 2 அல்லது டெலீட் போன்ற விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் செல்லவேண்டும். எந்த விசை என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. அங்கே வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தல் வேண்டும். தெரியவில்லை எனில், தட்டோ அதன் இணைப்போ பழுது என ஐயுறலாம். தெரிகிறது எனில் ஆறுதல் கொள்ளலாம்: பொறி தட்டை அறிந்திருக்கிறது, வழிதான் தவறியிருக்கிறது.

வழி தவறுவதற்குப் பெருங்காரணம் ஒன்று உண்டு. பழைய பயாஸ் முறையில், தட்டின் முதற்பகுதியாகிய 512 பைட்டுகளில் தொடக்க நிரல் எழுதப்பட்டிருக்கும். யு.இ.எஃப்.ஐ. முறையிலோ, தட்டில் தனியே ஒதுக்கப்பட்ட சிறு பிரிவில் ஏற்றிகள் கோப்புகளாக இருக்கும். பென் டிரைவைப் பழைய முறையில் தொடங்கித் தளத்தை நிறுவிவிட்டு, பின்னர்ப் பொறியைப் புதிய முறையில் தொடங்க முயன்றால், அது தன் கண்ணெதிரே உள்ள தளத்தையும் காணாது. அமைப்புத் திரையில் நிறுவியபோது இருந்த முறைக்கு மாற்றினாலே பல பொறிகள் உயிர்பெற்றுவிடும். வேறு சில மடிக்கணினிகள் விண்டோஸுக்குரிய வழியையே முன்னிறுத்தும். அவற்றில் தொடக்க வரிசையில் லினக்ஸின் பெயரை மேலே நகர்த்தினால் போதும்.

அடுத்த படி ஏற்றி. “கிரப் ரெஸ்க்யூ” என்னும் சொற்கள் தோன்றி நின்றால், ஏற்றியின் முற்பகுதி விழித்தும், அதன் எஞ்சிய கோப்புகள் அகப்படவில்லை என்று பொருள். இது பெரும்பாலும் நேர்வது எப்பொழுது? விண்டோஸில் இடம் போதவில்லை என்று, “இது யாருடைய பிரிவோ” என எண்ணி லினக்ஸ் பிரிவை ஒருவர் நீக்கிவிட்டபொழுது. இந்நிலையில் விண்டோஸ் கோப்புகள் அப்படியே இருக்கின்றன. அவற்றிற்குக் கதவு திறப்பவன்தான் போய்விட்டான். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவினால் தொடங்கி, “நிறுவுக” என்பதை விடுத்து, “கணினியைச் செப்பனிடுக” என்னும் இணைப்பைத் தெரிந்து, தொடக்கப் பழுதுநீக்கத்தை இயக்கலாம். மறுதலையாக, விண்டோஸைப் புதிதாக நிறுவியதனால் லினக்ஸ் காணாமற்போயின், லினக்ஸ் பென் டிரைவினால் தொடங்கி கிரப்பை மட்டும் திரும்ப நிறுவலாம். இரண்டிலும் ஒரு கோப்பையும் அழிக்கவேண்டிய தேவை இல்லை.

லினக்ஸ் நன்றாகத் தொடங்குகிறது. ஆனால் தெரிவுப் பட்டியலில் விண்டோஸின் பெயர் இல்லை என்பது மற்றொரு முறையீடு. விண்டோஸ் அழிந்துவிட்டது என்று அஞ்சவேண்டா. 2021இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், பிற தளங்களைத் தானே தேடிப் பட்டியலில் சேர்க்கும் பணி, பாதுகாப்புக் கருதி, இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. அமைப்புக் கோப்பில் அதனை மீண்டும் அனுமதித்துப் பட்டியலைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்ப வந்துவிடும்.

“பாதுகாப்பு விதி மீறல்” என்னும் பொருளில் வரி தோன்றினால், செக்யூர் பூட் என்னும் காவல்முறை ஏற்றியின் முத்திரையை ஏற்க மறுத்துவிட்டது என அறியலாம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வந்த விண்டோஸ் திருத்தம் ஒன்றினால், இரு தளங்களையும் வைத்திருந்த பொறிகள் பலவற்றில் லினக்ஸ் இவ்வாறு தடைப்பட்டது. காவலைச் சிறிது நேரம் தளர்த்தி, லினக்ஸைத் தொடங்கி, அதன் திருத்தங்களை ஏற்றி, மீண்டும் காவலை அமைப்பதே அங்கே கைக்கொள்ளப்பட்ட வழி. ஆயினும் காவலைத் தளர்த்துவதற்கு முன் எச்சரிக்கை ஒன்று வேண்டும். அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன்.

ஏற்றியையும் கடந்து, தளம் தொடங்கும் அறிகுறி தோன்றிப் பின் திரை கருத்துவிடுமாயின், திரைக்குரிய இயக்கி நிரல் பொருந்தவில்லை என முதலில் ஐயுறுக. லினக்ஸில் பட்டியலிலேயே மீட்பு முறையையோ முந்தைய கர்னலையோ தெரிந்து தொடங்கலாம். விண்டோஸில் பாதுகாப்பு முறை உண்டு; தொடக்கம் தொடர்ந்து தடைப்பட்டால் அது தானே பழுதுநீக்கத் திரையைக் காட்டும். கோப்பமைப்பில் பிழை எனச் சொல்லி நின்றால், அதனைச் சோதித்துத் திருத்தும் கட்டளை உண்டு. துலாமாத இடியும் மின்தடையும் மிகுந்த நம் பகுதியில், நிறுவும் வேளையில் மின்சாரம் அறுபடுவதனாலும் இந்நிலை நேரலாம். ஆகவே மடிக்கணினியாயின் மின்கலம் நிறைந்த பின்னரும், மேசைக்கணினியாயின் யு.பி.எஸ். துணையோடும் மட்டுமே இவ்வேலையைத் தொடங்கவேண்டும்.

இனி, முன்னர்க் குறித்த எச்சரிக்கைக்கு வருவோம். மேலே கூறிய கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் கோப்புகள் தட்டில் பத்திரமாகவே இருக்கும். ஆயின் ஒரு விலக்கு உண்டு. இன்றைய விண்டோஸ் பொறிகள் பல, தட்டு முழுவதையும் பிட்லாக்கர் என்னும் மறைமுறையால் பூட்டி வைக்கின்றன. உரியவர் அறியாமலே அது இயங்கத் தொடங்கியிருப்பதும் உண்டு. அமைப்புத் திரையில் செக்யூர் பூட் முதலியவற்றை மாற்றினால், அடுத்த முறை 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவு எண்ணைக் கணினி கேட்கும். அவ்வெண் இல்லையேல், தட்டு நலமாக இருந்தும் அதிலுள்ளவற்றைப் படிக்க எவராலும் இயலாது. எனவே எந்த மாற்றத்திற்கும் முன்பாக, உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அவ்வெண் இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் எழுதி வீட்டில் வைத்தல் வேண்டும். கணக்கைத் திறந்து கொடுத்த கடைக்காரரின் மின்னஞ்சலில் அவ்வெண் கிடந்தால், அது நமக்குக் கிடைக்காத பொருளே.

இவ்வெண்ணின் அருமையை உலகமே ஒருநாள் உணர்ந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்றினால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அந்தப் பொறிகளை மீட்கத் தட்டை அழிக்கவேண்டியிருந்ததா? இல்லை. பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதுமானதாக இருந்தது. பூட்டிய தட்டுகளுக்கு மட்டும் திறவு எண் தேவைப்பட்டது. அதனைக் குறித்து வைத்திராதோர் அதிகம் அல்லற்பட்டனர்.

நிறுவுவதற்கு முன் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, முக்கியமான கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்தல். இரண்டாவது, லினக்ஸ் ஆயின் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தல். திரை, ஒலி, இணைய இணைப்பு யாவும் பொருந்துகின்றனவா என்பது அதிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். மூன்றாவது, விண்டோஸ் உடன் இருக்குமாயின் அதன் விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துதல். அவ்வசதி இருக்கும்வரை விண்டோஸ் முழுதும் உறங்காமல் அரைத்துயிலில் இருக்கும். அதன் பிரிவை லினக்ஸ் தொட முயன்றால் சிக்கல் நேரும். தவறுதலாகத் தட்டை அழித்துவிட்டாலோ, அக்கணமே பொறியை நிறுத்தி, அதில் மேலும் ஒன்றும் எழுதாமல் வல்லுநரிடம் கொண்டுசெல்லவேண்டும். பழைய சுழல் தட்டுகளில் மீட்பதற்கு ஓரளவு நம்பிக்கை உண்டு; புதிய எஸ்.எஸ்.டி. வகையில் அது மிகவும் குறைவு.

இவை யாவும் பொறியியற் பட்டம் பெற்றவர்க்கே உரிய அறிவு என்று கருதவேண்டா. கேரளப் பள்ளிகளில் 2018ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லிட்டில் கைட்ஸ் குழுக்களில், உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் கணினியைப் பேணும் பயிற்சியையும் பெறுகின்றனர். வீட்டிலுள்ள பெரியோர், “குழந்தை தொட்டுக் கெடுத்துவிடும்” என்று தடுக்காமல், படியெடுத்த பின்னர் அவர்களை முயலவிடுவது நன்று. வல்லுநரிடமே கொண்டுசெல்ல நேர்ந்தாலும், படமெடுத்த அவ்வரியைக் காட்டி, “இந்தப் படிவரை வந்தது, கோப்புகளை அழிக்காமல் பாருங்கள்” என்று சொல்லும் துணிவாவது நமக்கு வேண்டும்.

கணினியை மறுபடியும் வாங்கலாம். இயங்குதளத்தை எத்தனை முறையும் நிறுவலாம். மறைந்த தாயாரின் குரலைப் பதிந்த கோப்பு அழிந்தால், அதனைத் திரும்பத் தரும் கடை எங்கும் இல்லை. ஆதலின், தொடங்க மறுக்கும் கணினியின் முன் அமரும்பொழுது, அது எந்தப் படியில் நின்றது என்பதை முதலில் கேளுங்கள். அழிப்பதைக் கடைசியில் எண்ணுங்கள்.